பறக்கும்போது வரும் எச்சரிக்கை பொய் என்று விமானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தாம்பரம்_ரன்வே கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஏரோநாட்டிகல் படிக்கிறேன். இரண்டு விபத்து அறிக்கைகளை அடுத்தடுத்துப் படித்ததில் ஒரு குழப்பம்.

2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவான்டாஸ் 72. ஏ330 விமானம், 37,000 அடி. ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) எச்சரிக்கையும் அதிவேக எச்சரிக்கையும் மாறி மாறி ஒலித்தன. இரண்டுமே பொய். விமானிகள் அவற்றுக்கு மயங்காமல் லியர்மந்தில் பத்திரமாக இறக்கிவிட்டார்கள்.

2009 ஜூன் 1, ஏர் பிரான்ஸ் 447. அதுவும் ஏ330. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் பனி அடைத்து வேகக் காட்டிகள் தவறாயின. ஸ்டால் எச்சரிக்கை இடைவிடாமல் 54 வினாடி ஒலித்தது, அது உண்மை. ஆனால் மூக்கைத் தாழ்த்தவில்லை. 228 பேர் இறந்தார்கள்.

முதலாவதில் நம்பாதது சரி, இரண்டாவதில் நம்பாதது தவறு. அந்தச் சில வினாடியில் எதை வைத்துப் பிரிப்பது? பொய் என்று தெரிந்தபின் சத்தத்தை நிறுத்த வழி உண்டா? தீ எச்சரிக்கை வந்தால் முதலில் உண்மைதானா என்று சரிபார்ப்பார்களா, அல்லது நேராக எஞ்சினை அணைத்துவிடுவார்களா?

இடது_இருக்கை பதில்:

நல்ல கேள்வி தம்பி. ஆனால் "உண்மையா பொய்யா" என்பது காக்பிட்டில் முதலில் எழும் கேள்வி இல்லை. விமானம் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது, மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது, இதுதான் முதலில். ஒருவர் ஓட்டுவதை மட்டும் பார்ப்பார். மற்றவர் எச்சரிக்கையின் பெயரை வாய்விட்டுப் படித்து, சத்தத்தை அடக்குவார். தரையிலிருந்து கிளம்பி 400 அடி ஏறும்வரை இதற்குமேல் எதையும் தொடுவதில்லை.

ஏ320-இல் கணினியே பல எச்சரிக்கைகளை அந்த நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். டேக் ஆஃப் சக்தி கொடுத்ததிலிருந்து 1,500 அடிவரையும், இறங்கும்போது 800 அடியிலிருந்தும், அவசரமில்லாதவை திரைக்கு வராது. அந்த நேரத்தையும் தாண்டி ஒன்று வந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் இரண்டு விபத்துகளுக்கும் உள்ள வித்தியாசம் எச்சரிக்கை எந்த சென்சாரிலிருந்து பிறந்தது என்பதில் இருக்கிறது. வேகம் பிட்டோ குழாயிலிருந்து வருகிறது. ஸ்டால் எச்சரிக்கை வருவது ஆங்கிள் ஆஃப் அட்டாக் (காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம்) அளக்கும் சென்சாரிலிருந்து, அதாவது விமானத்தின் மூக்குப் பக்கவாட்டில் காற்றோடு திரும்பும் அந்தச் சின்னத் தகட்டிலிருந்து. பிட்டோ அடைத்துக்கொண்டாலும் அந்தத் தகட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் ஏர்பஸ்ஸின் "நம்பமுடியாத வேகம்" செக்லிஸ்டில், வேகக் காட்டியை நம்பாதே, ஆனால் ஸ்டால் எச்சரிக்கைக்கு மதிப்புக் கொடு என்று தனியாகவே எழுதியிருக்கும். 447-இல் ஒரு கொடுமையும் சேர்ந்தது. அளக்கப்பட்ட வேகம் 60 நாட் (knot) அளவுக்குக் கீழே விழுந்ததும் கணினி அந்தக் கோண அளவையே செல்லாது என்று தள்ளிவிட்டது, எச்சரிக்கை நின்றது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியதும் வேகம் 60-ஐத் தாண்டி, எச்சரிக்கை மறுபடி ஒலித்தது. சரியானதைச் செய்தால் சத்தம், தவறைச் செய்தால் அமைதி.

குவான்டாஸ் 72-இல் நிலைமை தலைகீழ். ஒன்றாம் எண் ஏடிரு (காற்றளவுகளையும் விமானத்தின் நிலையையும் கணக்கிடும்) கணினியே கோண அளவில் பொய் எண்களைச் சொருகியது. 50 டிகிரிக்கு மேல் ஒரு துள்ளல், மறுகணம் சரியான அளவு. ஸ்டாலும் அதிவேகமும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. கேப்டன் பக்கத் திரை மட்டும் தடுமாறியது. துணை விமானியின் திரையும் நடுவில் உள்ள ஸ்டாண்ட்பை (மாற்றுக்) காட்டியும் அமைதியாக ஒத்துப்போயின. விமானமும் தன் உயரத்தில் தன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை விட்டு விட்டு வருகிறது, ஒரு பக்கம் மட்டும் காட்டுகிறது, விமானத்தின் போக்கில் அதற்கு ஒரு சான்றும் இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சந்தேகத்துக்கு இடம்.

முரணான வேக எச்சரிக்கைகள் வந்தால் எதை நம்புவது என்று யோசித்துக்கொண்டே இருக்கக் கூடாது. நினைவிலிருந்து செய்யும் படிகள் இருக்கின்றன. ஏ320-இல் ஆட்டோபைலட், ஃபிளைட் டைரக்டர் (எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் காட்டுவது), ஆட்டோத்ரஸ்ட் (எஞ்சின் சக்தியைத் தானே மாற்றுவது) மூன்றையும் அணை. கிளம்பிய உடனே, சக்தி குறைக்கும் உயரத்துக்குக் கீழே என்றால் 15 டிகிரி மூக்கு மேலே, முழு சக்தி. அதற்கு மேல், 10,000 அடிக்குக் கீழே என்றால் 10 டிகிரி, ஏறும் சக்தி. 10,000 அடிக்கு மேல் என்றால் 5 டிகிரி, ஏறும் சக்தி. போயிங் 737 என்ஜியில் ஃபிளாப் விரிந்திருந்தால் 10 டிகிரி, 80 சதவீத என்1 (எஞ்சின் முன்விசிறியின் சுழற்சி வேகம்). ஃபிளாப் மூடியிருந்தால் 4 டிகிரி, 75 சதவீதம். இந்த அளவுகளை வைத்துப் பிடித்தால், வேகக் காட்டி எதைச் சொன்னாலும் விமானம் ஸ்டாலும் ஆகாது, வேக எல்லையையும் தாண்டாது. பாதுகாப்பான உயரத்துக்கு வந்து சமனாக்கிய பிறகு, மூன்று காட்டிகளையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இரண்டை வைத்துக்கொள்ளலாம்.

1996 பிப்ரவரி 6, பிர்கன்ஏர் 301-இல் இதுதான் நடக்கவில்லை. போயிங் 757, புவெர்ட்டோ பிளாட்டா. கேப்டன் பக்க பிட்டோ அடைத்திருந்தது. குளவி கட்டிய மண்கூடு என்று சந்தேகம். ஆட்டோபைலட் அந்தப் பொய் வேகத்தை நம்பி மூக்கை உயர்த்திக்கொண்டே போனது. அதிவேக எச்சரிக்கையும், ஸ்டால் நெருங்கும்போது ஓட்டும் தண்டை உலுக்கும் ஸ்டிக் ஷேக்கரும் அடுத்தடுத்து வந்தன. 189 பேர். துணை விமானியின் வேகக் காட்டி சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

ஏவியானிக்ஸ்_பெஞ்ச் பதில்:

இடது இருக்கை சார் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "ஒத்துப்போகும் இரண்டை வைத்துக்கொள்" என்பது எப்போதும் பிழைக்காது. 2014 நவம்பர் 5, பில்பாவோவிலிருந்து மியூனிக் போன லுஃப்தான்சா ஏ321. ஏறும்போது மூன்று கோணத் தகடுகளில் இரண்டு ஒரே கோணத்தில் உறைந்து நின்றுவிட்டன. கணினி பெரும்பான்மைக்கு ஓட்டுப் போட்டு, சரியாக வேலை செய்த மூன்றாவதை ஒதுக்கியது. ஸ்டாலைத் தடுக்கும் ஆல்ஃபா பாதுகாப்பு மூக்கைக் கீழே தள்ளியது. பக்கக் குச்சியைப் பின்னால் இழுத்தும் நிற்கவில்லை. 4,000 அடி போனது. அதே டிசம்பரில் ஐரோப்பிய பாதுகாப்பு முகமை அவசர உத்தரவு போட்டது: குச்சியைப் பின்னுக்கு இழுத்தும் மூக்குத் தாழ்வது நிற்கவில்லை என்றால், ஒரு ஏடிஆரை (ஏடிருவின் காற்றளவுப் பகுதி) மட்டும் விட்டு மற்ற இரண்டையும் உடனே அணை. கணினி ஆல்டர்னேட் லா என்ற மாற்று ஓட்டும் முறைக்கு இறங்கும், பாதுகாப்புகள் விலகும், விமானம் உங்கள் கைக்கு வரும்.

இதில்தான் என் பக்கத்துக் கருத்து இருக்கிறது. பொய் எச்சரிக்கை தனியாக ஆளைக் கொல்வதில்லை. அதன் பின்னால் ஒரு பொய் அளவு இருக்கிறது, அந்த அளவை வேறு யார் யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆபத்து. எச்சரிக்கை பொய் என்று தெரிந்த அடுத்த நொடி கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம், டர்கிஷ் 1951, போயிங் 737-800. தரைக்கு மேலான உயரத்தை ரேடியோ அலையால் அளக்கும் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடி என்று காட்டியது. அதனால் சக்கரம் இறக்கவில்லை என்ற எச்சரிக்கை தேவையில்லாமல் ஒலித்தது. தொந்தரவு என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அதே அளவை ஆட்டோத்ராட்டிலும் படித்துக்கொண்டிருந்தது. தரைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து, கிட்டத்தட்ட 2,000 அடி உயரத்திலேயே சக்தியை ஐடிலுக்கு (மிகக் குறைந்த அளவுக்கு) இழுத்து வைத்துக்கொண்டது. வேகம் கரைந்தது, ஸ்டால், 9 பேர் போனார்கள். குவான்டாஸ் 72-லும் அப்படித்தான். ஆட்டோபைலட் விலகி இரண்டு நிமிடம் கழித்து, அந்தத் துள்ளல் அளவுகளில் ஒன்றை ஃபிளைட் கண்ட்ரோல் கணினி உண்மை என்று எடுத்துக்கொண்டு மூக்கை 8 டிகிரிக்கு மேல் கீழே தள்ளியது. நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் காயம், பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள். கணினி கோளாறு என்று சந்தேகம் வந்ததுமே பெல்ட் விளக்கைப் போடுவது எவ்வளவு சின்ன வேலை என்று பாருங்கள்.

சரி, பொய் எங்கிருந்து பிறக்கிறது?

கோணத் தகட்டில்: பறவை இடி, ஏதாவது தரைக் கருவி இடித்து வளைவது, உள்ளே நீர் புகுந்து உறைவது, பெஞ்சில் தவறாக அளவு திருத்துவது. 2008 நவம்பர் 27 பெர்பினான் ஏ320 விபத்தில், பெயின்ட் வேலைக்குப் பிறகு தூசியைக் கழுவியபோது தகடுகளை மூடாமலே தண்ணீர் அடித்திருக்கிறார்கள். உள்ளே போன நீர் மேலே போய் உறைந்தது. 2018 லயன் ஏர் 610-இல் போட்ட தகடு 21 டிகிரி தள்ளிக் காட்டியது. மாட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை முறையாக நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிட்டோவில்: குளவி, மறந்த உறை, சூடேற்றி பழுது. 2018 ஜூலையில் பிரிஸ்பேனில் ஒரு ஏ330 மூன்று பிட்டோ உறையும் கழற்றாமல் கிளம்பியது. அங்கே குளவித் தொல்லை என்பதால்தான் உறையே போட்டார்கள். விமானிகள் ஏடிஆர் மூன்றையும் அணைத்து, கோண அளவிலிருந்து கணக்கிடும் மாற்று வேகப் பட்டையை வைத்துப் பத்திரமாக இறக்கினார்கள்.

எஞ்சின் தீ சென்சார் வேறு ரகம். ஏ320-இல் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஏ, பி என்று இரண்டு லூப். இரண்டும் சூட்டை உணர்ந்தால் தீ. ஒன்று பழுதாகி மற்றது மட்டும் உணர்ந்தாலும் தீ. இரண்டும் 5 வினாடிக்குள் அறுந்தாலும் தீ என்றே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் சுவாலைதான் அப்படி இரண்டையும் சேர்த்து எரிக்கும். ஒரு லூப் உராய்ந்து அறுந்தால் "லூப் பழுது" என்ற மஞ்சள் செய்தி மட்டும்தான், தீ மணி வராது. ஆகவே தீ மணி அடித்தால் அதற்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு முடிந்துவிட்டது என்று பொருள்.

விமானிகள் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். டெக் லாக்கில் (விமானத்தின் பழுதுப் பதிவேட்டில்) பார்த்ததை எல்லாம் எழுதுங்கள். லயன் ஏரில் முந்தின நாள் டென்பசாரிலிருந்து ஜகார்த்தா வந்த பயணத்தில் ஸ்டிக் ஷேக்கர் பயணம் முழுக்க அதிர்ந்தது. லாக்கில் வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை என்பதும் ஒரு விளக்கும் மட்டும் இருந்தன. ஷேக்கர் இல்லை. மூக்கின் கோணத்தை மாற்றும் டிரிம் தானாக ஓடியதை கட் அவுட் சுவிட்ச் போட்டு நிறுத்தியதும் இல்லை. பொறியாளர் லாக்கைப் பார்த்துத்தான் தேடுகிறார். எந்தப் பக்கம், எந்த உயரம், எவ்வளவு நேரம், விட்டு விட்டா தொடர்ந்தா, கூடவே வேறு எது வந்தது, எந்த பிரேக்கரைத் தொட்டீர்கள். "ஸ்டால் வார்னிங் பொய்" என்று ஒற்றை வரி எழுதினால், தரையில் சோதித்து "பழுது காணவில்லை" என்று இன்னொரு வரியோடு விமானம் மறுபடி கிளம்பிவிடும். 1992 ஜூலை 30, நியூயார்க்கில் டிடபிள்யூஏ 843, எல்-1011. கோண சென்சார் பலமுறை விட்டு விட்டுப் பழுதானது, காரணம் தெரியாமலே திரும்பத் திரும்ப மாட்டப்பட்டது. தரையை விட்ட நொடியில் பொய் ஷேக்கர். ஓட்டிய துணை விமானி கையை விட்டார், கேப்டன் திரும்ப ஓடுதளத்தில் இறக்கினார். விமானம் எரிந்தது. 292 பேரும் தப்பித்தார்கள்.

தாம்பரம்_ரன்வே:

மிக்க நன்றி சார். அப்படியென்றால் தீ, புகை எச்சரிக்கையில் காத்திருக்கவே கூடாதா? சரக்கு அறையில் புகை என்று வந்து, இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று அடிக்கடி செய்தி வருகிறதே. அப்புறம், தொந்தரவு செய்யும் எச்சரிக்கைக்கு சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடலாமா?

சிமுலேட்டர்_பின்னிருக்கை பதில்:

காத்திருக்கக் கூடாது. தீ, புகை, நிலம், கேபின் அழுத்தம். இந்த நான்கும் உண்மை என்றே எடுத்துக்கொண்டு செய்து முடிக்க வேண்டும். பொய்யாக இருந்து நாம் நம்பினால் எரிபொருளும் ஒரு நாளும் நஷ்டம். உண்மையாக இருந்து நாம் சந்தேகப்பட்டால் திரும்பி வர வழியில்லை.

சரக்கு அறைப் புகையை மேலேயிருந்து சரிபார்க்கவே முடியாது. கண்டறியும் கருவி ஒளியை வைத்து வேலை செய்கிறது. ஈரப்பதம், பழம் காய்கறி, உயிருள்ள விலங்குகள், தூசி, பூச்சிமருந்து எல்லாம் அதற்குப் புகைதான். 2015 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் ஆடுகளை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போன ஒரு சரக்கு 747, புகை எச்சரிக்கையால் பாலியில் இறங்கியது. தீ இல்லை. அந்தக் குழு செய்தது நூற்றுக்கு நூறு சரி. இன்னொன்று, தீயணைக்கும் ஹேலான் வாயுவை உள்ளே விட்ட பிறகும் எச்சரிக்கை அணையாது. வாயுவும் அந்தக் கருவிக்குப் புகை மாதிரியே தெரியும், உள்ளே இருக்கும் புகையும் வெளியேறாது. அதனால் "விளக்கு எரிகிறது, தீ அணையவில்லை" என்றும் சொல்ல முடியாது, "வாசனையே இல்லை, பொய்தான்" என்றும் சொல்ல முடியாது. பக்கத்து விமான நிலையத்தில் இறங்குவது ஒன்றே வழி. இறங்கியபின் பயணிகள் வெளியேறி, தீயணைப்பு வண்டி தயாராகும்வரை சரக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்று தரைக் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். கதவு திறந்தால் காற்றுப் போய் அடங்கியது பற்றிக்கொள்ளும்.

சரிபார்க்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1980 ஆகஸ்ட் 19, ரியாத், சவூதியா 163. கிளம்பி ஏழு நிமிடத்தில் பின் சரக்கு அறைப் புகை எச்சரிக்கை. உண்மைதானா என்று உறுதிசெய்வதில் நான்கு நிமிடத்துக்கு மேல் கழிந்தது. திரும்பி வந்து இறங்கியும்விட்டார்கள். ஆனால் உடனே நிறுத்தி ஆட்களை வெளியேற்றவில்லை. 301 பேரும் இறந்தார்கள்.

எஞ்சின் தீயில் படிகளே சரிபார்ப்புக்கு இடம் வைத்திருக்கின்றன. ஏ320-இல் லீவரை ஐடிலுக்கு, மாஸ்டர் சுவிட்ச் அணை, தீ பட்டனை அழுத்து, 10 வினாடி பொறு, முதல் தீயணைப்பு மருந்துக் குப்பி. அந்த 10 வினாடி, எஞ்சின் உறைக்குள் காற்றோட்டம் தணிந்து மருந்து தங்குவதற்காக. 30 வினாடி கழித்தும் விளக்கு எரிந்தால் இரண்டாவது குப்பி. லீவரைக் குறைத்ததுமே விளக்கு அணைந்தால் எஞ்சினிலிருந்து எடுக்கும் சூடான பிளீட் காற்று கசிந்திருக்கலாம். அதற்காக பாதியில் விடுவதில்லை. அந்தக் கசிவும் சரி செய்ய வேண்டிய கோளாறுதான். ஒவ்வொரு சுவிட்சையும் தொடும் முன் எந்த எஞ்சின் என்று இருவரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அவசரத்தில் தவறான எஞ்சினை அணைப்பது பொய் எச்சரிக்கையைவிடப் பெரிய ஆபத்து.

நில எச்சரிக்கைக்கு ஒரே ஒரு விலக்கு: பகல் வெளிச்சம், தெளிவான வானிலை, தரையும் தடைகளும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன. அப்போது மட்டும் எச்சரிக்கையைக் கவனக்குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். மேகத்திலும் இரவிலும் உடனே மூக்கை மேலே இழுக்க வேண்டும். 2012 மே 9, இந்தோனேசியாவில் சலாக் மலையில் மோதிய சுகோய் சூப்பர்ஜெட்டில் நில எச்சரிக்கை சரியாகவே வந்தது. தரவுத்தளக் கோளாறு என்று எண்ணி அந்த முறைமையை அணைத்துவிட்டார்கள். முதல் எச்சரிக்கையிலிருந்து 24 வினாடிக்குள் இழுத்திருந்தாலும் தப்பியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. 45 பேர்.

கேபின் அழுத்தத்தில் வேறு மாதிரி சிக்கல். 2005 ஆகஸ்ட் 14, ஹீலியோஸ் 522. பழைய 737-களில் கேபின் உயர ஹாரனும் டேக் ஆஃப் அமைப்பு ஹாரனும் ஒரே சத்தம். ஏறிக்கொண்டிருக்கும்போது ஒலித்ததை டேக் ஆஃப் ஹாரன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த ஹாரன் தரையில் மட்டும்தான் ஒலிக்கும். வானத்தில் கேட்டால் அது அழுத்தம்தான். முதலில் ஆக்ஸிஜன் முகமூடி, பிறகுதான் யோசனை. 121 பேர் இறந்தார்கள்.

சத்தத்தை நிறுத்தும் விஷயம். ஏ320-இல் எமர்ஜென்சி கேன்சல் பட்டன் இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை என்றால், கோளாறு நீடிக்கும்வரை சத்தத்தை மட்டும் அடக்கும், திரையில் செய்தி அப்படியே இருக்கும். மஞ்சள் என்றால் அந்தப் பயணம் முழுவதற்கும் நீக்கிவிடும், ஸ்டேட்டஸ் பக்கத்தில் ரத்தானது என்று பெயரோடு வைத்துக்கொள்ளும். ரீகால் பட்டனை 3 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் திரும்ப வரும். பொய் என்று உறுதியான மஞ்சள் தொந்தரவுக்கு மட்டும்தான் இதைப் பயன்படுத்த வேண்டும். 737-இன் ஸ்டிக் ஷேக்கருக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை. ஒரு பக்க மோட்டார் அதிர்ந்தாலும் இரண்டு ஓட்டும் தண்டுகளும் இணைந்திருப்பதால் இருவருக்கும் அதிர்வு தெரியும். அந்த இரைச்சலோடே பேசி, படித்து, இறக்க வேண்டியிருக்கும். அதற்காகவே சிமுலேட்டரில் ஷேக்கரை நிறுத்தாமல் முழு அப்ரோச்சும் செய்ய வைப்பது நல்ல பழக்கம்.

பிரேக்கரை இழுப்பது: செக்லிஸ்டில் எழுதியிருந்தால் மட்டும். 2014 டிசம்பர் 28, சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன ஏர் ஏசியா 8501. ரட்டர் (வால் சுக்கான்) எவ்வளவு திரும்பலாம் என்று வரம்பிடும் கணினி அட்டையில் ஒரு சால்டர் விரிசல். மஞ்சள் செய்தி நான்கு முறை வந்தது. முதல் மூன்று தடவை இகாம் (கோளாறையும் செய்ய வேண்டிய படிகளையும் காட்டும் திரை) சொன்னபடி செய்தார்கள், சரியானது. நான்காவது தடவை பிரேக்கர்கள் இழுக்கப்பட்டன. தரையில் பலன் தரும் அந்த ரீசெட் வானத்தில் ஆட்டோபைலட்டையும், பாதுகாப்புகள் எல்லாம் உள்ள நார்மல் லாவையும் சேர்த்துக் கொண்டுபோனது. விமானம் 54 டிகிரிவரை சரிந்தது, பிறகு ஸ்டால். 162 பேர். அந்தச் செய்தியை அப்படியே விட்டிருந்தால், தொந்தரவைத் தவிர வேறொன்றும் இல்லை.

இடது_இருக்கை பதில்:

பில்பாவோ விஷயத்தில் பெஞ்ச் தம்பி சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஒத்துப்போகும் இரண்டையும் பிட்ச்-சக்தி அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகுதான் நம்ப வேண்டும்.

இன்னும் ஒன்று, தாம்பரம் தம்பி. சந்தேகம் வந்தால் கண்ட்ரோலரிடம் கேட்கலாம், ஆனால் எதைக் கேட்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். தரைவேகம் அவருடைய ரேடாரில் தனியாகத் தெரியும், அதைக் கேளுங்கள். உயரத்தைக் கேட்டுப் பயனில்லை. அது நம் டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் நம்முடைய அதே ஏடிஆர் எண். 1996 அக்டோபர் 2, லிமாவில் ஏரோபெரு 603. கழுவி மெருகேற்றியபோது, வெளிக் காற்றழுத்தத்தை அளக்கும் ஸ்டேட்டிக் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்கவில்லை. அதிவேகம், ஸ்டால், நிலம் என்று எல்லா எச்சரிக்கையும் ஒன்றாக ஒலித்தன. நில எச்சரிக்கை உண்மை, அது ரேடியோ ஆல்டிமீட்டரிலிருந்து வந்தது. கண்ட்ரோலர் 9,700 அடி என்று உறுதி சொன்னார், விமானத்தின் காட்டியும் அதையே சொன்னது. அப்போது இறக்கை கடல்நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேகமும் உயரமும் இரண்டும் சந்தேகமாக இருக்கும்போது ரேடியோ ஆல்டிமீட்டரையும் ஜிபிஎஸ் உயரத்தையும் பாருங்கள். அந்த இரண்டுக்கும் ஸ்டேட்டிக் துளையோடு சம்பந்தமே இல்லை.